அமெரிக்கச் சம்பளச் சீட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி: மணமாகாத ஊழியருக்கான வழிகாட்டி

அமெரிக்காவில் ஆண்டுக்கு 78,000 டாலர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும், மணமாகாத ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கு 26 தவணைகளாகச் சம்பளம் வருகிறது. 78,000ஐ 26ஆல் வகுத்தால் 3,000 டாலர். ஆனால் சம்பள நாளன்று அவருடைய வங்கிக் கணக்கில் விழுவதோ 2,236 டாலர் 36 சென்ட். மீதி 763 டாலர் 64 சென்ட் எங்கே போயிற்று என்பதை அவர் தாமே தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு வரி ஆலோசகர் தேவையில்லை. ஒவ்வொரு பிடித்தமும் எந்தத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது என்பது தெரிந்தால் போதும். பலர் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான், ஏனென்றால் ஒரே சீட்டில் வரும் இரண்டு வரிகள் ஒரே தொகையின்மேல் போடப்படுவதில்லை.

இந்தக் கட்டுரையில் வரும் வரம்புகளும் கழிவுகளும் 2025ஆம் ஆண்டுக்கானவை. இவற்றில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

யார் சிங்கிள்?

வரிச் சட்டத்தின் பார்வையில், டிசம்பர் 31 அன்று ஒருவர் மணமாகாதவராகவோ சட்டப்படி மணவிலக்கு பெற்றவராகவோ இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் அவர் சிங்கிள். டிசம்பர் 30 அன்று தாலி கட்டியவருக்கு அந்த ஆண்டு முழுவதும் மணமானவர் என்ற நிலைதான். நம்மவர்களிடம் அடிக்கடி காணப்படும் ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மனைவியோ கணவரோ ஊரில் இருக்கிறார், தாம் இங்கே தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம் என்பதால் ஒருவர் சிங்கிள் ஆகிவிடமாட்டார். பொதுவாக அவர் மணமானவர், தனித்தனியே தாக்கல் செய்பவர் என்ற வகையில் வருவார். சம்பளப் பிடித்தத்தைப் பொறுத்தவரை இந்த இரண்டு வகைக்கும், எப்படி வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில் ஒரே கட்டம்தான் இருக்கிறது என்பதால் சீட்டில் வேறுபாடு தெரியாது. ஆண்டு முடிந்து வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போதுதான் தெரியும்.

அதேபோல, மணமாகாதவர் தம்மோடு வசிக்கும் குழந்தையையோ, விதிகளுக்கு உட்பட்ட உறவினரையோ செலவு செய்து பராமரித்தால் குடும்பத் தலைவர் என்ற வகையில் வரலாம். அதில் வரி குறையும். ஆனால் ஒருவரைச் சார்ந்திருப்பவராகக் காட்ட வேண்டுமானால் அவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகவோ, கனடா அல்லது மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதந்தவறாமல் எவ்வளவு பணம் அனுப்பினாலும் அதனால் அமெரிக்க வருமான வரி ஒரு டாலர்கூடக் குறையாது.

முதலில் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும்

சம்பளச் சீட்டில் ஃபிக்கா என்ற பெயரிலோ, ஓ.ஏ.எஸ்.டி.ஐ., மெட் என்ற சுருக்கங்களிலோ இரண்டு பிடித்தங்கள் இருக்கும். ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 சதவீதம், ஆக மொத்தம் 7.65 சதவீதம். அதே அளவு தொகையை முதலாளியும் தம் பங்காகக் கட்டுகிறார். அது நம் சீட்டில் பிடித்தமாக வராது. இவற்றைச் சரிபார்ப்பது எளிது, ஏனென்றால் இங்கே அடிப்படைக் கழிவு, அதாவது வரி போடாமல் விடும் தொகை, கிடையாது, வருமானம் ஏற ஏற விகிதம் கூடும் அடுக்கு கிடையாது, மணமானவரா என்ற கேள்வியும் கிடையாது. முதல் டாலரிலிருந்தே பிடித்தம் தொடங்கிவிடும். 3,000 டாலர் முழுவதற்கும் கணக்கிட்டால் 186 டாலரும் 43.50 டாலரும் வரும்.

சோஷியல் செக்யூரிட்டிக்கு மட்டும் மேல்வரம்பு உண்டு. 2025இல் அது 176,100 டாலர். ஆண்டில் அதுவரை வாங்கிய சம்பளம் அந்த எண்ணைத் தொட்டவுடன் 6.2 சதவீதப் பிடித்தம் நின்றுவிடும். அதனால்தான் அதிகச் சம்பளக்காரர்களுக்கு ஆண்டின் கடைசி மாதங்களில் திடீரென்று கைக்கு வரும் தொகை கூடுகிறது. அதைச் சம்பள உயர்வு என்று எண்ணிச் செலவைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு ஜனவரியில் ஏமாற்றம் காத்திருக்கும். மெடிகேருக்கு மேல்வரம்பு இல்லை. மாறாக, ஒரே முதலாளியிடம் 200,000 டாலருக்கு மேல் வாங்கும் சம்பளத்துக்குக் கூடுதலாக 0.9 சதவீதம் பிடிப்பார்கள்.

கூட்டாட்சி வருமான வரி: சீட்டின் பின்னால் இருக்கும் கணக்கு

அடுத்து வருவதுதான் பெரிய தொகை, குழப்பமும் அதில்தான் அதிகம். சம்பளப் பிரிவின் மென்பொருளுக்கு நம் ஆண்டு வருமானம் தெரியாது. இந்தத் தவணையின் சம்பளம் மட்டும்தான் தெரியும். ஆகவே அது இந்தத் தொகையே ஆண்டு முழுவதும் 26 முறை வரும் என்று வைத்துக்கொண்டு, ஆண்டு வரியைக் கணக்கிட்டு, அதை மறுபடியும் 26ஆல் வகுத்துப் பிடிக்கிறது. இந்த ஒரு செயலை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரப்போகும் போனஸ், இரண்டு வேலை, ஆண்டின் நடுவில் சேர்ந்த வேலை ஆகிய எல்லாப் புதிர்களும் அவிழ்ந்துவிடும்.

நம் ஊழியருக்கு வேறு சேமிப்போ காப்பீட்டுப் பிடித்தமோ இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 3,000ஐ 26ஆல் பெருக்கினால் 78,000. பிடித்தத்துக்கான 2025 அட்டவணை சிங்கிள் ஊழியருக்கு 15,000 டாலர் அடிப்படைக் கழிவு தருகிறது. மீதி 63,000 டாலர் வரிக்கு உட்பட்டது. முதல் 11,925 டாலருக்கு 10 சதவீதம், அது 1,192.50. அதற்கு மேல் 48,475 வரையுள்ள 36,550 டாலருக்கு 12 சதவீதம், அது 4,386. மீதி 14,525 டாலருக்கு 22 சதவீதம், அது 3,195.50. மூன்றையும் கூட்டினால் 8,774 டாலர். 26ஆல் வகுத்தால் தவணைக்கு 337.46 டாலர். சீட்டில் இதே எண்ணோ, சில சென்ட் முன்பின்னாகவோ இருந்தால் பிடித்தம் சரியாக நடக்கிறது என்று பொருள்.

22 சதவீத அடுக்கு 103,350 டாலர் வரை செல்லும். பிறகு 197,300 வரை 24 சதவீதம், 250,525 வரை 32, 626,350 வரை 35, அதற்கு மேல் 37. இவையெல்லாம் கழிவு போக மீதமுள்ள தொகைக்கான வரம்புகளே தவிர, வேலைக்கடிதத்தில் எழுதியிருக்கும் சம்பளத்துக்கானவை அல்ல.

சம்பளம் கூடி அடுத்த அடுக்குக்குப் போய்விட்டால் கைக்கு வருவது குறைந்துவிடும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது; அந்தப் பயத்தால் கூடுதல் நேர வேலையை மறுத்தவர்களைக்கூட நான் பார்த்திருக்கிறேன். வரிக்கு உட்பட்ட வருமானம் 48,400 டாலராக இருக்கும் ஒருவருக்கு இன்னும் 100 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 டாலருக்கு 12 சதவீதம், எல்லையைத் தாண்டிய 25 டாலருக்கு மட்டும் 22 சதவீதம். ஆக 9 டாலரும் 5.50 டாலரும் சேர்ந்து 14.50 டாலர் வரி. 100க்கு 85.50 டாலர் அவருக்கே மிஞ்சுகிறது, அதிலிருந்து ஃபிக்கா மட்டும் போகும். முன்பே சம்பாதித்த 48,400 டாலருக்கான வரியில் எந்த மாற்றமும் இல்லை.

2025இல் ஒரு விசேஷம் உண்டு. அந்த ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் சிங்கிளுக்கான அடிப்படைக் கழிவை 15,750 டாலராக உயர்த்தியது, ஆனால் கூட்டாட்சி வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அந்த ஆண்டுக்கான பிடித்த அட்டவணையை மாற்றவில்லை. எனவே நம் ஊழியருக்கு உண்மையான ஆண்டு வரி 8,609 டாலர், பிடிக்கப்பட்டதோ 8,774. இடையிலுள்ள 165 டாலர் தாக்கலின்போது திரும்பி வரும். கூடுதல் நேர வேலைக்கான ஊதியத்தில் வழக்கமான ஊதியத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு, சிங்கிளுக்கு 12,500 டாலர் வரை கழிவு தருவதும் அதே சட்டம்தான். அதையும் 2025இல் சீட்டில் எதிர்பார்க்க முடியாது, தாக்கலில்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஊதியத்துக்கும் ஃபிக்கா உண்டு.

மணமானவரோடு ஒப்பிட்டால்

இதே 78,000 டாலர் சம்பளத்தில், வேலைக்குப் போகாத துணையுடன் கூட்டாகத் தாக்கல் செய்பவருக்கு 2025இல் 31,500 டாலர் கழிவு. மீதி 46,500 டாலரில் 23,850 வரை 10 சதவீதம், மற்றதற்கு 12 சதவீதம். மொத்த வரி 5,103 டாலர். சிங்கிள் கட்டுவது 8,609. ஒரே மேசையில் ஒரே வேலை பார்க்கும் இருவருக்கிடையே ஆண்டுக்கு 3,506 டாலர் வேறுபாடு. வீட்டு வாடகை இருவருக்கும் ஒன்றுதான் என்று சிங்கிள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரே வருமானத்தில் அங்கே இரண்டு பேர் வாழ்கிறார்கள் என்பதுதான் சட்டத்தின் வாதம். இருவருமே நல்ல சம்பளம் வாங்கும் தம்பதியருக்கு இந்தச் சலுகை ஏறக்குறைய இல்லாமல் போய்விடும், ஏனென்றால் பெரும்பாலான அடுக்குகளில் அவர்களுடைய வரம்பு சிங்கிளின் வரம்பைப்போல் சரியாக இரண்டு மடங்கு.

வரிக்கு முன்பும் பின்பும்

இப்போது 2,236.36 என்ற எண்ணுக்கு வருவோம். நம் ஊழியர் ஓய்வுக்கால 401(கே) கணக்கில் சம்பளத்தில் 6 சதவீதம், அதாவது தவணைக்கு 180 டாலர் போடுகிறார். மருத்துவக் காப்பீட்டுக்குத் தவணைக்கு 80 டாலர் பிடிக்கிறார்கள். இரண்டுமே வரிக்கு முந்திய பிடித்தங்கள் என்று சீட்டில் ஒரே தலைப்பின்கீழ் போட்டிருப்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வழக்கமான 401(கே) சேமிப்பு வருமான வரிக்கான தொகையை மட்டுமே குறைக்கும்; ஃபிக்கா அதைக் கண்டுகொள்ளாது. முதலாளியின் திட்டத்தின்கீழ் வரிக்கு முன் பிடிக்கப்படும் மருத்துவக் காப்பீட்டுத் தொகை வருமான வரி, ஃபிக்கா இரண்டுக்கான தொகையையும் குறைக்கும். சம்பளத்தின் வழியே, மருத்துவச் செலவுக்கான எச்.எஸ்.ஏ. சேமிப்புக் கணக்கில் போடும் பணமும் அப்படியே.

ஆகவே, நம் ஊழியருக்கு ஃபிக்காவுக்கான தொகை 3,000இலிருந்து 80 கழித்து 2,920. அதில் சோஷியல் செக்யூரிட்டி 181.04, மெடிகேர் 42.34. வருமான வரிக்கான தொகை 3,000இலிருந்து 260 கழித்து 2,740. அதை 26ஆல் பெருக்கினால் 71,240, கழிவு போக 56,240, வரி 7,286.80, தவணைக்கு 280.26. இப்போது எல்லாவற்றையும் வரிசையாகக் கழிக்கலாம்: 3,000இலிருந்து 180, 80, 181.04, 42.34, 280.26 ஆகியவற்றைக் கழித்தால் 2,236.36 வந்துவிடும். காணாமல் போன 763.64 டாலரில் உண்மையான வரி 503.64 மட்டும்தான். 180 டாலர் அவர் பெயரிலேயே இன்னொரு கணக்கில் இருக்கிறது, 80 டாலர் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது.

இதில் இன்னொன்றும் தெரியவரும். 180 டாலர் சேமித்ததால் வரி 39.60 டாலர் குறைகிறது. எனவே கைக்கு வருவதில் குறைவது 140.40தான். சேமிப்பைத் தொடங்கத் தயங்குகிறவர்கள் மொத்தத் தொகையைப் பார்த்துத் தயங்குகிறார்களே தவிர இந்த 140.40ஐப் பார்ப்பதில்லை. 2025இல் இப்படி ஊழியர் தம் சம்பளத்திலிருந்து 401(கே) கணக்கில் பொதுவாக அதிகபட்சம் 23,500 டாலர் போடலாம். ராத் வகைச் சேமிப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் இன்று வரி குறையாது. ஓய்வுக்காலத்தில் விதிப்படி எடுக்கும்போது வரி இருக்காது.

மாநிலம்

மேலே போட்ட கணக்கு சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லாத இடத்துக்கானது. அலாஸ்கா, ஃபுளோரிடா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு டகோட்டா, டென்னசி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங் ஆகிய ஒன்பது மாநிலங்களில் அப்படி. மற்ற இடங்களில் சீட்டில் இன்னும் ஒரு வரியாவது கூடும். பென்சில்வேனியாவில் எளிமையாக 3.07 சதவீதம், அடிப்படைக் கழிவு எதுவும் இல்லை. 401(கே) சேமிப்பையும் அந்த மாநிலம் வரிக்கு உட்பட்டதாகவே கணக்கிடுகிறது என்பது டெக்சாஸிலிருந்து அங்கே மாறிப் போனவர்களுக்கு அதிர்ச்சி தரும். கலிபோர்னியாவில் படிப்படியாக ஏறும் மாநில வரியோடு, உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதபோது உதவும் காப்பீட்டுக்காக எஸ்.டி.ஐ. என்ற பெயரில் 2025இல் 1.2 சதவீதம் தனியாகப் பிடிக்கப்பட்டது. அதற்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. நியூயார்க் நகரில் குடியிருப்பவர்களுக்கு நகரமும் தனியே வருமான வரி போடுகிறது. வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து இரண்டு சம்பளங்களை ஒப்பிடுகிறவர்கள், இந்த வரியை இரண்டு ஊர்களுக்கும் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

டபிள்யூ-4 படிவத்தை நிரப்புதல்

வேலையில் சேரும் அன்று நீட்டப்படும் காகிதக் கட்டில் இந்தப் படிவமும் இருக்கும். பெரும்பாலோர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். 2020இல் இது புதிதாக வடிவமைக்கப்பட்டபோது, சலுகை எண்ணிக்கை ஒன்று, பூஜ்யம் என்று எழுதும் பழைய வழக்கம் போய்விட்டது. படிவமே கொடுக்காவிட்டால் சிங்கிள், வேறு மாற்றம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு பிடிப்பார்கள். ஒரே வேலை, வேறு வருமானம் இல்லாத சிங்கிளுக்கு அதுவே சரியான பிடித்தமாகவும் அமைந்துவிடும். அவர் முதல் படியில் சிங்கிள் என்ற கட்டத்தைக் குறித்து, ஐந்தாம் படியில் கையெழுத்திட்டால் போதும்.

இரண்டு வேலை பார்ப்பவர் அப்படி விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முதலாளியும் தம்மிடம் உள்ள வேலைதான் இவருடைய ஒரே வேலை என்று எண்ணி, 15,000 டாலர் கழிவையும் குறைந்த அடுக்குகளையும் முழுமையாகத் தந்துவிடுவார். 39,000 டாலர் வீதம் இரண்டு வேலை என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 24,000 டாலருக்கு 2,641.50 பிடிப்பார்கள், இரண்டும் சேர்ந்து 5,283. ஆனால் 78,000 டாலருக்கு அவர் கட்ட வேண்டியது 8,609. வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஏப்ரலில் 3,326 டாலர் ஒரே மூச்சில் கட்ட வேண்டியிருக்கும். நானும் ஒரு காலத்தில் பகல் வேலையோடு வாரக்கடைசி வேலை ஒன்றும் பார்த்து, இரண்டு படிவங்களையும் ஒரே மாதிரி நிரப்பிக் கொடுத்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில் சேமிப்பைத் துடைத்து எடுத்துக் கட்டியிருக்கிறேன். இரண்டாம் படியில் இரண்டு வேலை இருப்பதைக் குறிக்கும் சிறு கட்டம் ஒன்று உண்டு. இரண்டு வேலைகளின் சம்பளமும் ஏறக்குறைய சமமாக இருந்தால், இரண்டு படிவங்களிலும் அதைக் குறித்துவிட வேண்டும். ஒவ்வொரு முதலாளியும் பாதிக் கழிவும் பாதி அடுக்கும் மட்டும் தருவார், கணக்கு நேராகிவிடும். சம்பளங்கள் மிகவும் வேறுபட்டால் இந்தக் கட்டம் தேவைக்கு மேல் பிடிக்கும், அப்போது ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் உள்ள பிடித்தக் கணிப்பானைப் பயன்படுத்துவது நல்லது.

நான்காம் படியில் மூன்று இடங்கள் உள்ளன. வட்டி, பங்கு ஆதாயம் போன்ற வேறு வருமானத்தை முதல் இடத்தில் எழுதலாம். ஊரில் உள்ள வைப்புத்தொகையின் வட்டியும், வரிச் சட்டப்படி அமெரிக்காவில் வசிப்பவருக்கு இங்கே வருமானம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டாவது இடம் அடிப்படைக் கழிவுக்கு மேற்பட்ட கழிவுகளுக்கு. மூன்றாவது இடத்தில் ஒவ்வொரு தவணையிலும் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தொகையை எழுதலாம். தம்முடைய வேறு வருமானம் முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர் முதல் இடத்தைக் காலியாக விட்டு, அதற்கான வரியைத் தாமே கணக்கிட்டு மூன்றாவது இடத்தில் எழுதிவிடலாம். நான் செய்வதும் அதுதான்.

போனஸும் பாதி ஆண்டு வேலையும்

5,000 டாலர் போனஸ் என்று அறிவித்துவிட்டு 3,517.50 மட்டும் வந்தால், போனஸுக்குத் தனியாக அதிக வரி என்று எண்ணத் தோன்றும். வரி தனி அல்ல, பிடிக்கும் முறைதான் தனி. பெரும்பாலான முதலாளிகள் போனஸில் நேரடியாக 22 சதவீதம், அதாவது 1,100 டாலர் பிடித்து, ஃபிக்கா 382.50ஐயும் கழித்துத் தருவார்கள். நம் ஊழியரின் கடைசி அடுக்கும் 22 சதவீதம் என்பதால் அவருக்கு இது சரியான பிடித்தம். 12 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு மீதி திரும்பி வரும். 24 சதவீத அடுக்கில் இருப்பவர், ஒவ்வொரு 100 டாலர் போனஸுக்கும் 2 டாலர் பின்னால் கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் போனஸையும் சம்பளத்தையும் ஒரே சீட்டில் சேர்த்துவிடும். அப்போது மென்பொருள் 8,000 டாலர் 26 முறை வரப்போகிறது, ஆண்டு வருமானம் 208,000 டாலர் என்று நம்பி, சற்று அதிகமாகவே பிடிக்கும்.

ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு நடப்பதும் இதே கதைதான். ஜூலையில் 78,000 டாலர் சம்பளத்தில் சேர்ந்தவர் 13 தவணைகளில் வாங்குவது 39,000. ஆனால் ஒவ்வொரு தவணையிலும் முழு ஆண்டுக் கணக்குப்படி 337.46 பிடித்திருப்பார்கள், மொத்தம் 4,387 டாலர். அவருடைய உண்மையான வரி 2,551.50தான். ஏறக்குறைய 1,835 டாலர் திரும்பி வரும். படிப்பை முடித்து முதல் வேலையில் சேர்ந்தவர்கள் இந்தத் தொகையை அடுத்த ஆண்டும் எதிர்பார்த்துக் கடன் அட்டையைத் தேய்த்துவிடக் கூடாது; அது ஒரு முறைதான் வரும்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள்

எஃப்-1 மாணவர் விசாவில், படிப்பு சார்ந்த வேலைப் பயிற்சிக்கான ஓ.பி.டி. அனுமதியுடன் வேலை பார்க்கும் இந்தியர்களுக்கு மேற்சொன்ன கணக்கில் ஒரு முக்கியமான மாற்றம் உண்டு. அமெரிக்காவுக்கு மாணவராக வந்து ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் முடியும்வரை அவர்கள் பொதுவாக வரிச் சட்டப்படி அங்கே வசிக்காதவர்களாகக் கருதப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் அவர்களுடைய சம்பளத்தில் ஃபிக்கா பிடிக்கக் கூடாது. 78,000 டாலர் சம்பளத்துக்கு இது ஆண்டுக்கு 5,967 டாலர். சம்பளப் பிரிவுகள் இதில் தவறுவது சகஜம் என்பதால் முதல் சீட்டு வந்த அன்றே பார்த்துவிட வேண்டும். பிடித்திருந்தால் முதலில் முதலாளியிடம் எழுத்துமூலம் திருப்பிக் கேட்க வேண்டும். அவர் தர மறுத்தால் 843, 8316 என்ற எண்களைக் கொண்ட படிவங்கள் மூலம் ஐ.ஆர்.எஸ்.இடம் கேட்கலாம். வசிக்காதவர்களுக்கு அடிப்படைக் கழிவு பொதுவாகக் கிடையாது. ஆனால் இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு அந்தக் கழிவைத் தருகிறது. டபிள்யூ-4 படிவத்தில் இவர்கள் தாம் வசிக்காத அயல்நாட்டவர் என்பதை நான்காம் படியின் மூன்றாவது இடத்துக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் குறிப்பிட வேண்டும்.

எச்-1பி என்ற வேலை விசாவுக்கு மாறியவுடன் ஃபிக்கா பிடித்தம் தொடங்கிவிடும். சம்பளம் உயராமல் விசா மட்டும் மாறிய மாதத்தில் கைக்கு வருவதில் மொத்தச் சம்பளத்தின் 7.65 சதவீதம் குறைவதற்கு இதுவே காரணம். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெற 40 கிரெடிட்டுகள், அதாவது குறைந்தது பத்து ஆண்டு வேலை தேவை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இதற்கான உடன்பாடு இல்லாததால், ஏழெட்டு ஆண்டுகளில் ஊர் திரும்புகிறவர் கட்டிய பணத்துக்கு ஓய்வூதியம் கிடைக்காது. இந்த ஏற்பாட்டில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அதைச் சீட்டில் சரிசெய்ய வழியும் இல்லை.

அக்டோபரில் ஒரு சரிபார்ப்பு

ஜனவரி முதல் அதுவரை சேர்ந்த மொத்தத்தைக் காட்டும் பத்தி ஒன்று ஒவ்வொரு சீட்டிலும் இருக்கும். அக்டோபரில் வரும் ஒரு சீட்டை எடுத்து, அந்தப் பத்தியில் உள்ள வருமான வரிப் பிடித்தத்தோடு மீதித் தவணைகளில் பிடிக்கப்போவதைக் கூட்டி, ஆண்டுக்கு வரவேண்டிய வரியோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால், குறையும் தொகையை மீதித் தவணைகளின் எண்ணிக்கையால் வகுத்து, புதிய டபிள்யூ-4 படிவத்தின் நான்காம் படியில் எழுதிக் கொடுத்துவிடலாம். கொடுத்தவுடன் அது நடைமுறைக்கு வந்தாக வேண்டும் என்பதில்லை. 30 நாள்வரை முதலாளிக்கு அவகாசம் உண்டு, ஆகவே டிசம்பருக்காகக் காத்திருக்கக் கூடாது. சம்பளத்தில் பிடித்த வரி எந்த மாதத்தில் பிடித்திருந்தாலும் ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பது இந்த வழியின் பெரிய நன்மை. தாமே நேரடியாகக் கட்டும் முன்கூட்டிய வரிக்கு அந்தச் சலுகை இல்லை.

தாக்கலின்போது கட்ட வேண்டிய பாக்கி 1,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் அபராதம் இல்லை. அதற்கு மேல் போனாலும், இந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ, சென்ற ஆண்டு வரி முழுவதுமோ பிடிக்கப்பட்டிருந்தால் அபராதம் இல்லை. சென்ற ஆண்டு வருமானம் 150,000 டாலருக்கு மேல் இருந்தவர்களுக்கு அது 110 சதவீதம். ஒரே ஆண்டில் இரண்டு முதலாளிகளிடம் சேர்ந்து 176,100 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்களுக்கு அதிகமாகப் பிடிக்கப்பட்ட சோஷியல் செக்யூரிட்டியைத் தாக்கலில் திரும்பப் பெறலாம். அதை யாரும் நினைவுபடுத்தமாட்டார்கள், நாமேதான் கேட்க வேண்டும்.

ஜனவரி இறுதிக்குள், முடிந்த ஆண்டின் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் வரும். நம் ஊழியருக்கு அதன் 1ஆம் கட்டத்தில் 71,240 என்றும், 3, 5 ஆகிய கட்டங்களில் 75,920 என்றும் இருக்கும்; வேலைக்கடிதத்தில் இருந்த 78,000 சம்பளக் கட்டங்கள் எதிலும் இருக்காது. 1ஆம் கட்டத்துக்கும் 3ஆம் கட்டத்துக்கும் இடையிலுள்ள 4,680 டாலர் அவருடைய 401(கே) சேமிப்பு; அதே எண் 12ஆம் கட்டத்தில் டி என்ற எழுத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏப்ரல் 15 வரை காத்திராமல் அன்றே சம்பளப் பிரிவுக்கு எழுதித் திருத்திய படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.